ஜீப்பில் தனி ஃபியூஸ் பெட்டி: மலைநாட்டு ஓட்டுநர்கள் கேட்கும் கேள்விகள்

விடியுமுன்னே ஹோர்ட்டன் சமவெளிக்கு ஆள் ஏற்றுகிறவர்கள், தோட்டத்து உள்பாதைகளில் நாள் முழுக்க ஓடுகிறவர்கள், லீவு கிடைத்தால் மீமுரே பக்கம் கிளம்பிவிடும் நண்பர் கூட்டங்கள் என்று இலங்கை மலைநாட்டில் பலருடைய வண்டிகளில் வயரிங் வேலை செய்திருக்கிறேன். கேள்விகள் மட்டும் எல்லோரிடமும் ஒன்றுதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதிவைக்கிறேன். கீழே உள்ள கணக்கெல்லாம் 12 வோல்ட் வண்டிக்கு. 24 வோல்ட் ஜீப் வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்வியை முதலில் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

லைட் போட, போன் சார்ஜ் பண்ண எதற்குத் தனிப் பெட்டி? ஹெட்லைட் வயரிலிருந்தே ஒரு கிளை எடுத்தால் ஆகாதா?

முதல் லைட்டுக்கு ஆகும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. கம்பெனி போட்ட ஹெட்லைட் வயர் இரண்டு பல்புக்கு அளந்து போட்டது. 55 வொட் பல்பு இரண்டு எரிந்தாலே 9 அம்பியர் போகும். அதே வயரில் பனிமூட்டத்துக்கென்று இன்னும் இரண்டு பொக் லைட்டைத் தொங்கவிட்டால் வயர் சூடாகும், ஹெட்லைட் மங்கும், சுவிட்சின் உள்முனை கருகும்.

இது தெரிந்தவர்கள் நேராகப் பெட்டரிக்கே போவார்கள். பொக் லைட்டுக்கு ஒரு வயர், அப்புறம் ஹோர்னுக்கு, கெமராவுக்கு, காற்றடிக்கும் கொம்ப்ரசருக்கு என்று ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள். மூன்று வருடத்தில் பெட்டரித் தலை, கோயில் மரத்தில் நேர்த்திக்குக் கட்டிய மஞ்சள் துணி மாதிரி ஆகிவிடும். எந்த வயர் எதற்கு என்று கட்டியவருக்கே ஞாபகம் இருக்காது. நட்டு சரியாக இறங்காததால் ஒருநாள் வண்டி ஸ்டார்ட்டும் ஆகாது.

தனிப் பெட்டி என்றால் பெட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள் புறப்பட்டு ஓர் இடத்துக்கு வரும். அங்கிருந்து ஒவ்வொரு சாமானுக்கும் தனி ஃபியூஸோடு தனி வயர் பிரியும். வாய்க்காலும் மடையும் போலத்தான். கம்பெனி வயரில் நாம் கைவைப்பதே இல்லை.

என்னென்ன வேண்டும்?

பெட்டரியின் நேர்முனையில் தொடங்கினால் முதலில் பெரிய மெயின் ஃபியூஸ், அடுத்து தடித்த கேபிள், அடுத்து சாவி திருப்பினால் மூடும் பெரிய ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), அடுத்து ஆறு அல்லது பன்னிரண்டு இடமுள்ள ஃபியூஸ் பெட்டி. பெட்டியிலேயே எதிர்முனைக்கும் ஒரு பட்டை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எல்லா ஆர்த் வயரையும் (கரண்ட் எதிர்முனைக்குத் திரும்பும் வயர்) ஒரே இடத்தில் முடிச்சுப் போட அது பெரிய உதவி. படகுகளுக்கென்று செய்த மூடிபோட்ட பெட்டிகள் நம் மழைக்குப் பொருத்தம்.

இடம் எத்தனை வேண்டும் என்று கேட்டால், இன்றைக்குத் தேவையானதை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இதுவரை யாரும் என்னிடம் வந்து "இடம் மிஞ்சிப் போச்சு" என்று சொன்னதில்லை.

மெயின் ஃபியூஸை எங்கே வைப்பது? ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் மாற்ற வசதியாக இருக்குமே?

பெட்டரிக்குப் பக்கத்தில். ஒரு சாண் தூரத்துக்குள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணம் சொல்கிறேன். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதுவும் தனக்கு அப்பால் இருக்கிற வயரை மட்டும். பெட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள துண்டைக் காப்பாற்ற யாரும் இல்லை. அந்தத் துண்டு தேய்ந்து பாடியில் பட்டால் பெட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் அதற்குள் கொட்டிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற நூற்றுக்கணக்கான அம்பியர் கொடுக்கிற பெட்டரி அது. வயர் நெருப்புக் கம்பியாவதற்குச் சில நொடி போதும்.

எனக்கே நடந்தது. முதல் ஜீப் வாங்கியபோது ஒரு கராஜில் பொக் லைட் போட்டேன். அவர்கள் ஃபியூஸை டேஷ்போட்டுக்குக் கீழே, "மாத்த லேசா இருக்கும் தம்பி" என்று வைத்தார்கள். எஞ்சினுக்கும் கெபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் வெறும் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் இல்லாமல் வயரை உள்ளே விட்டிருந்தார்கள். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் நானுஓயா தாண்டி இறங்கும்போது பொனட் ஓரத்தில் புகை. தகட்டின் விளிம்பு வயரை அறுத்திருக்கிறது. ஃபியூஸ் முழுசாகத்தான் இருந்தது, ஏனென்றால் தீப்பிடித்த இடம் அதற்கு முன்னால். பெட்டரித் தலையைக் கழற்ற 10 ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும், அதுவோ பின் சீட்டுக்கு அடியில் சாக்குக்குள். கிடைப்பதற்குள் அந்த வயரோடு ஒட்டிப்போன கம்பெனி வயர்களும் உருகிவிட்டன. அன்றிலிருந்து அந்த ஸ்பேனர் ஓட்டுநர் கதவுப் பையில்தான். ஃபியூஸ் பெட்டரிக்குப் பக்கத்தில். தகட்டில் ஓட்டை போட்டால் ரப்பர் வளையம் போடாமல் வயர் விடுவதில்லை.

மொத்தம் எத்தனை அம்பியர் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

வொட்டை 12 ஆல் வகுத்தால் அம்பியர். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். நான் அண்மையில் செய்த ஒரு வண்டியின் கணக்கு இது: பொக் லைட் இரண்டு 9, முன் எல்இடி பார் 120 வொட் என்பதால் 10, கொம்ப்ரசர் 30, சின்ன ஃப்ரிட்ஜ் 5, போன் சார்ஜர்கள் 4, பின்பக்க வேலை லைட் 3, கெமரா 1, இருவழி ரேடியோவில் பேசும்போது 10. கூட்டினால் 72.

ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. பனிமூட்டத்தில் ஓடும்போது பொக் லைட், ரேடியோ, ஃப்ரிட்ஜ், சார்ஜர், கெமரா சேர்ந்து 29. இரவில் நிறுத்திவைத்து டயருக்குக் காற்றடிக்கும்போது கொம்ப்ரசர், வேலை லைட், ஃப்ரிட்ஜ், சார்ஜர் சேர்ந்து 42. ஆகவே 60 அம்பியர் மெயின் ஃபியூஸும் 16 ஸ்குவயர் (சதுர மில்லிமீற்றர்) கேபிளும் தாராளம்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதைத்தான் பலர் மறக்கிறார்கள். இதையெல்லாம் எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் ஓல்டர்னேட்டர் கொடுக்க வேண்டும். அதன் மேல் எழுதியிருக்கும் எண் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது வருவது. தோட்டத்துப் பாதையில் லோ கியரில் ஊர்ந்துகொண்டு, கொழுந்து லொறிக்கு வழிவிட்டு நிற்கும் நேரத்தில் அதில் பாதி வந்தாலே பெரிது. பழைய ஜீப்பில் 45 அம்பியர் ஓல்டர்னேட்டர் இருந்தால் மேலே சொன்ன வண்டி நின்ற இடத்தில் பெட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். கொம்ப்ரசர் ஓடும்போது எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடியுங்கள்.

வீட்டுக்கு இழுத்த வயர் மிச்சம் இருக்கிறது. அதைப் போட்டால் என்ன?

7/0.67 என்று எழுதிய சுருள்தானே? எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கும். அது 2.5 ஸ்குவயர், செம்பு நல்ல செம்புதான். ஆனால் உள்ளே ஏழே ஏழு தடித்த இழைகள். சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. வண்டி அதிர்வில் அந்த இழைகள் இறுகி, டெர்மினல் ஓரத்தில் ஒவ்வொன்றாக முறியும். வெளியே பார்த்தால் வயர் நன்றாக இருக்கும், உள்ளே இரண்டு இழையில் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். வண்டிக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஓட்டோ வயர்தான். வாங்கும்போது நுனியை உரித்து இழைகளைப் பாருங்கள். சிலதில் உறை மட்டும் தடிப்பு, உள்ளே செம்பு நூல் போல இருக்கும். செம்பு பூசிய அலுமினியமும் வருகிறது. பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

எவ்வளவு தடிப்பு?

சூடாகாமல் இருப்பது ஒன்று, வோல்ட் இறங்காமல் இருப்பது இன்னொன்று. 12 வோல்ட்டில் இரண்டாவதுதான் முதலில் காலை வாரும்.

செம்பில் ஒரு ஸ்குவயர் தடிப்புள்ள வயர் ஒரு மீற்றருக்கு 0.0175 ஓம் தடுக்கும். பின்பக்க லைட்டுக்கு 5 மீற்றர் வயர் என்றால் போக 5, வர 5, மொத்தம் 10 மீற்றர். 10 அம்பியரை 2.5 ஸ்குவயரில் அனுப்பினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ஸ்குவயரில் 0.44, 6 ஸ்குவயரில் 0.29. அரை வோல்ட்டுக்குள் நின்றால் நான் சரி என்பேன். மேலே சொன்ன மெயின் கேபிள் 16 ஸ்குவயரில், போக வர மொத்தம் 3 மீற்றர், 42 அம்பியர் ஓடினாலும் 0.14 வோல்ட்தான் இறங்கும்.

"அரை வோல்ட்டில் என்ன வந்தது?" என்று கேட்பார்கள். ஹலோஜன் பல்பில் வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். பல்பு சரியில்லை என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதை ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நிற்குமா?

ஃபியூஸ் நிற்கும், வயர்தான் போகும். வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும். லைட் 9 அம்பியர் இழுக்கிறதென்றால் 15 அம்பியர் ஃபியூஸ் போட்டு, 15 அம்பியரைத் தாங்கும் வயர் இழுங்கள். அப்புறமும் போனால் எங்கேயோ வயர் தேய்ந்திருக்கிறது, அல்லது லைட்டுக்குள் தண்ணீர்.

நிறத்தைப் பார்த்தே நம்பர் சொல்லலாம்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போட்ட ஃபியூஸை இன்றைக்கும் மாதத்துக்கு ஒன்று கழற்றுகிறேன். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டை மூடிக்குள் ஒட்டிவைப்பதற்கு ஒரு பிளேன்டி (வெறுந்தேத்தண்ணி) காசு ஆகாது.

ரிலேயில் 30, 85, 86, 87 என்று எழுதியிருக்கிறதே, எது எங்கே?

30 க்குப் பெட்டரிப் பக்கம், 87 க்கு லைட்டுப் பக்கம். 86 க்குச் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர், 85 க்கு ஆர்த். சுவிட்சில் ஓடுவது 0.2 அம்பியர் அளவுதான். அதனால்தான் சின்னச் சுவிட்சே போதும், டேஷ்போட்டுக்குள் தடித்த வயரும் வராது.

நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். அது தலைகீழ்: ரிலே வேலை செய்யாதபோது அதில் கரண்ட் இருக்கும். 87 என்று நினைத்து அதில் கொடுத்தால் சுவிட்சை அணைத்ததும் லைட் எரியும்.

முழுப் பெட்டிக்கும் போடும் பெரிய ரிலே வேறு சாமான். 80, 100 அம்பியரைத் தொடர்ந்து தாங்குவதாக இருக்க வேண்டும். பழைய ஸ்டார்ட்டர் சொலினொயிட்டைக் கழற்றிப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். அது சில நொடி வேலைக்குச் செய்தது. மணிக்கணக்கில் பிடித்து வைத்தால் சுருள் எரியும்.

எல்லாமே சாவியோடு நிற்க வேண்டுமா?

பெரும்பாலானவை, ஆமாம். ஃப்ரிட்ஜ், ரேடியோவின் நினைவு வயர் போன்ற ஒன்றிரண்டை மட்டும் எப்போதும் உயிரோடு வைக்கலாம். இரண்டு பகுதியாகப் பிரித்த ஃபியூஸ் பெட்டிகள் இதற்கென்றே இருக்கின்றன.

ஆர்த் வயரை நேரே பெட்டரி எதிர்முனைக்குக் கொண்டுபோகவா, பாடியில் கொடுக்கவா?

வண்டியைப் பொறுத்தது. ஹைலக்ஸ், பஜேரோ மாதிரி இரும்புச் செசி வண்டியில், பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த இடத்தில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவினால் போதும். அண்மைக்கால வண்டிகளில் பெட்டரியின் எதிர்முனையிலேயே ஒரு சின்னச் சென்சர் உட்கார்ந்திருக்கும். உள்ளே போகும் வரும் கரண்டை அது எண்ணுகிறது. நம் ஆர்த்தை அதைத் தாண்டி முனையிலேயே கட்டினால் அதன் கணக்குத் தப்பும், சார்ஜ் ஏறுவது குழம்பும். அந்த வண்டிகளில் பாடியில்தான்.

லேண்ட் ரோவர் வேறு கதை. பாடி அலுமினியம், செசி இரும்பு. இரண்டு உலோகமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டால் அலுமினியம் மாவாகக் கொட்டும். மலைநாட்டில் ஈரத்துக்குப் பஞ்சமா? லேண்ட் ரோவரில் ஆர்த்துக்கும் தனிக் கேபிள் இழுத்துச் செசிக்கோ பெட்டரிக்கோ கொண்டுபோகிறேன். லைட் மின்னி மின்னி எரிகிறது என்று வரும் லேண்ட் ரோவர்களில் நான் முதலில் பார்ப்பது ஆர்த்தைத்தான்.

தோட்டத்து ஸ்டோர்களில் 1960களின் பழைய லேண்ட் ரோவர் ஒன்றிரண்டு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அவற்றில் சில, பெட்டரியின் நேர்முனையைப் பாடியில் கொடுத்தவை. பழக்கதோஷத்தில் சிவப்பு, கறுப்பு என்று கட்டினால் எல்இடி, சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் போகும். மீற்றர் வைத்துப் பார்க்காமல் கைவைக்க வேண்டாம்.

பனிமூட்டத்துக்கு எந்த லைட் நல்லது? கூரையில் பெரிய பார் போடலாமா?

ராம்பொடை வளைவுகளிலோ அப்புத்தளைப் பக்கமோ மூட்டம் இறங்கிய நேரத்தில் கூரை லைட்டைப் போட்டவர்களுக்குத் தெரியும்: முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். நீர்த்துளிகளில் பட்ட வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லைட் கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மோசம். பொக் லைட் பம்பர் மட்டத்தில், கீழ்நோக்கி, தட்டையாக அகலப் பரவ வேண்டும். கொழுந்து மலையின் வடிகானும் மதகும் தெரிந்தால் போதும், தூரம் தெரிய வேண்டியதில்லை.

மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது பாதி நம்பிக்கை. மூட்டத்துத் துளி பெரிது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். ஆனால் மஞ்சளில் கண் கூசுவது குறைவு என்று பல ஓட்டுநர்கள் சொல்கிறார்கள், நானும் மஞ்சள்தான் போட்டிருக்கிறேன். நிறத்தைவிட உயரமும் திசையும்தான் முக்கியம்.

கூரை பார் காட்டுப் பாதைக்கு. பொது வீதியில் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் எதிரே வரும் பஸ் சாரதி கண் தெரியாமல் உங்கள் பக்கமே வருவார். பொலிஸும் நிறுத்தும். வீதியில் மூடி போட்டு வையுங்கள், சுவிட்சும் தனியாக இருக்கட்டும்.

என் ஜீப் 24 வோல்ட். ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் 12 எடுக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம், பெட்டரி இரண்டையும் கொல்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஜப்பானிலிருந்து வந்த 80கள், 90களின் டீசல் ஜீப்புகள் சிலவற்றில் இரண்டு 12 வோல்ட் பெட்டரி வரிசையாகக் கட்டியிருக்கும். ஓல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துத்தான் சார்ஜ் போடுகிறது. ஒன்றிலிருந்து மட்டும் நீங்கள் உறிஞ்சினால் அது எப்போதும் பசியில் கிடக்கும், மற்றதுக்கு அளவுக்கு மீறி ஏறும். ஒன்று காய்ந்து சாகும், மற்றது கொதித்துச் சாகும்.

சரியான வழி, 24 ஐ 12 ஆக்கும் கொன்வேட்டர். 30 அம்பியர் கொன்வேட்டர் 360 வொட் கொடுக்கும். லைட், சார்ஜர், ரேடியோ, ஃப்ரிட்ஜுக்கு அது போதும். ஃபியூஸ் பெட்டி கொன்வேட்டருக்குப் பின்னால். எல்இடி லைட்டுகள் பலதில் 9 முதல் 32 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும், அவற்றை நேரே 24 இல் கொடுக்கலாம். கொம்ப்ரசரை மட்டும் 24 வோல்ட்டுக்கு உரியதாகவே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது பெட்டரி அவசியமா?

இரவு தங்கி ஃப்ரிட்ஜ் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் அந்தக் காசில் இருக்கிற பெட்டரியை நல்லதாக மாற்றலாம். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி விழுகிற குளிரில் பெட்டரியின் பலமும் குறையும், அதே நேரத்தில் டீசல் எஞ்சினின் ஹீட்டர் பிளக்குகளும் அதைத்தான் கேட்கும். முதல் நாள் இரவு பாட்டுப் போட்டவர்கள் காலையில் வண்டியைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன்.

போடுவதென்றால், பழைய வகை ஓல்டர்னேட்டருக்கு வோல்ட் பார்த்து இணைக்கும் ரிலே போதும். 13.3 வோல்ட் அளவில் இணைக்கும், 12.8 அளவில் பிரிக்கும். புதிய வண்டிகளில் ஓல்டர்னேட்டர் தன் இஷ்டத்துக்கு வோல்ட்டைக் குறைக்கும், ரிலே குழம்பும். லித்தியம் பெட்டரி போட்டாலும் இதே சிக்கல். அங்கே ஒரு பெட்டரியிலிருந்து மற்றப் பெட்டரிக்கு ஏற்றும் சார்ஜர் தேவை. நடுவில் ஓடும் கேபிளின் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பெட்டரி.

ஈயப் பெட்டரியை ஓய்வில் அளந்தால் 12.6 க்கு மேல் நிறைவு, 12.2 பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போகும்.

வின்ச், இன்வேட்டர், தண்ணி சுடவைக்கிற கேத்தல்?

புதைந்த வண்டியை இழுக்கும் வின்ச் இந்தப் பெட்டியின் ஆள் அல்ல. சேற்றில் இழுக்கும்போது 300, 400 அம்பியர் கேட்கும். நேரே பெட்டரியிலிருந்து, தன் கேபிளோடு, கையால் திருப்பிப் பிரிக்கும் பெரிய சுவிட்சோடு போக வேண்டும்.

12 வோல்ட்டை வீட்டுக் கரண்டாக்கும் 1000 வொட் இன்வேட்டர் முழுச் சுமையில் 90, 100 அம்பியர் இழுக்கும். அதுவும் தனிக் கேபிள், தனி ஃபியூஸ். போனும் கெமராவும் சார்ஜ் பண்ணுவதற்கு இன்வேட்டரே வேண்டாம், 12 வோல்ட் யுஎஸ்பி சொக்கட் போதும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைநாட்டில் பாதைகள் அடைபட்டு, கரண்டும் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். ஒரு ஜீப்பில் நாலு சொக்கட் இருந்தால் ஒரு லயத்துக்கே போன் சார்ஜ் போடலாம்.

12 வோல்ட் கேத்தல் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்குக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 150 வொட் கேத்தலில் ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீர் கொதிக்க 35 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஹோர்ட்டன் சமவெளி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிப்பது ஒரு சின்னச் சலுகை. வீட்டிலேயே தேத்தண்ணி ஊற்றி ஃபிளாஸ்க்கில் கொண்டுபோங்கள்.

ரேடியோ பற்றி ஒரு சொல்: பேசும் ரேடியோ பொருத்துவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். வயர் இழுக்குமுன் அதை எடுங்கள்.

இணைப்புகளுக்கு ஈயம் பற்றவைப்பதா, நசுக்குவதா?

நசுக்குவது. ஆனால் குறட்டால் அல்ல, அதற்குரிய கிரிம்ப் கருவியால். ஈயம் வைத்த இடத்தில் வயர் விறைத்துவிடும். விறைப்பு முடியும் ஓரத்தில் அதிர்வு வந்து வந்து முறியும். மேசை மேல் இருக்கும் ரேடியோவுக்கு ஈயம் நல்லது. கல்லுப் பாதை வண்டிக்கு நல்லதல்ல.

நசுக்கியபின் இரண்டு கையாலும் பலமாக இழுங்கள். கையோடு வந்தால், நல்லவேளை இப்போதே வந்தது. அப்புறம் உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயை மேலே போட்டுச் சூடு காட்டுங்கள். கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் ஒரு மழைக்காலத்தில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும், உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். மே முதல் ஒரு பக்கம், வருடக் கடைசியில் ஊவாப் பக்கம் என்று எங்காவது மழை பெய்துகொண்டே இருக்கும் ஊர் இது. ஃபியூஸ் பெட்டியை வயர்கள் கீழ்நோக்கி வெளியேறும்படி பொருத்துங்கள். வயர் வந்து சேரும் இடத்துக்கு முன் ஒரு தொய்வு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

எலிக்கு மருந்து இல்லை. வரிவரியான பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரைப் போட்டால் கடிப்பதற்குள் கொஞ்சம் யோசிக்கும். சூடான எஞ்சின்மேல் படுக்க வருவது அதற்கும் குளிர்தானே.

சாமான் எங்கே வாங்குவது?

கொழும்பு போகும் வேலை இருந்தால் பஞ்சிகாவத்தை. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஒரிஜினல் ஜப்பான் ரிலேயும் ஃபியூஸ் பெட்டியும் அங்கே கிடைக்கும், பெயர் தெரியாத புதியதைவிட அவை மேல். ஃபியூஸ் மட்டும் பழையது வேண்டாம். மலிவு ஃபியூஸ்களில் 15 என்று எழுதி 30 க்கும் எரியாதவை உண்டு. ஒரு பொதியில் ஒன்றை வேண்டுமென்றே ஷோர்ட் பண்ணி எரித்துப் பார்த்துத்தான் மற்றதைப் போடுகிறேன்.

வேலை முடிந்ததும் என்ன பார்ப்பது?

எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பெட்டரியில் ஒரு தடவை, லைட்டின் காலில் ஒரு தடவை வோல்ட் அளங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் ஓர் இணைப்பு சரியில்லை. கால் மணி நேரம் கழித்து ஃபியூஸ் பெட்டியையும் ஒவ்வொரு முடிச்சையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அங்கே திரும்ப நசுக்க வேண்டும்.

அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று பாருங்கள். 0.05 அம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. 0.5 அம்பியர் கசிந்தால் 60 அம்பியர்-மணி பெட்டரி ஐந்தே நாளில் காலி.

எதற்கு எந்த ஃபியூஸ் என்று எழுதிவைக்க வேண்டுமா?

கட்டாயம். மூடியின் உட்பக்கத்தில், தண்ணீர் படாதபடி. இரவில் எல்ல ஊர்ப் பக்கம் வண்டி நின்றுபோனால் பார்க்க வருகிற மெக்கானிக் பாஸ் தமிழராகவும் இருக்கலாம், சிங்களவராகவும் இருக்கலாம் என்பதால் நான் இரண்டு மொழியிலும் எழுதுவேன். என் ஜீப்பில் கடைசி இரண்டு இடமும் வெறுமையாக இருந்தன. "காலி" என்று எழுதிவைத்தேன். சிங்களத்தில் எழுதித் தந்த நண்பர் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். வாசித்துவிட்டு, "ஏன் மச்சான், காலி டவுனுக்குப் போறதுக்கு ரெண்டு ஃபியூஸ் தேவையா?" என்று கேட்டார்.